திரை சிமிட்டுகிறது, கண் சிமிட்ட மறக்கிறது



பிள்ளைக்குக் கணனி வாங்கக் கடைக்குப் போகிறீர்கள். கடைக்காரர் இரண்டு திரைகளைக் காட்டுகிறார். ஒன்று 60 ஹேர்ட்ஸ், மற்றது 144 ஹேர்ட்ஸ். விலை கூடியதைக் காட்டி, "இதுதான் கண்ணுக்கு நல்லது" என்கிறார். பிள்ளையின் கண் என்றதும் எந்தப் பெற்றோரின் மனம்தான் இளகாது? ஆனால், காசை எண்ணிக் கொடுக்கும் முன் இந்த ஹேர்ட்ஸ் என்பது என்ன, அது கண்ணைக் காக்குமா என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

திரையில் தெரியும் படம் அசையாமல் நிற்பது போலத் தோன்றினாலும், அது ஒவ்வொரு செக்கனிலும் பல தடவைகள் புதிதாக எழுதப்படுகிறது. செக்கனுக்கு 60 தடவைகள் எழுதப்பட்டால் அது 60 ஹேர்ட்ஸ். இதையே புதுப்பிப்பு வீதம் என்கிறார்கள்.

பெட்டித் திரையின் காலம்

1990களில் அலுவலகங்களில் இருந்த கனத்த பெட்டி மொனிட்டர்களில் இந்த எண் மிக முக்கியமானதாக இருந்தது. குழாயின் பின்புறத்திலிருந்து பாயும் இலத்திரன் கற்றை, கண்ணாடியின் உட்புறப் பூச்சை வரிவரியாகத் தொட்டு ஒளிரச் செய்யும். தொட்ட இடம் உடனே மங்கத் தொடங்கும். கற்றை மறுபடியும் வந்தால்தான் அது மீண்டும் ஒளிரும். அதாவது, அந்தத் திரை உண்மையிலேயே அணைந்து அணைந்து எரிந்தது. 60 ஹேர்ட்ஸில் பலருக்கு இந்தச் சிமிட்டல் தெரிந்தது. வெள்ளைப் பின்னணியில் அது இன்னும் கூடுதலாகத் தெரியும். நேரே பாராமல் கடைக்கண்ணால் பார்த்தால் மேலும் தெளிவாகத் தெரியும். 75 அல்லது 85 ஹேர்ட்ஸுக்கு உயர்த்தினால் பெரும்பாலானோருக்கு அது மறைந்துவிடும். வேலைத்தலத்துக் கணனித் திரை சிமிட்டலின்றி நிலையாக இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய சமூகம் 1990இல் விதியே இயற்றியது.

கண்ணுக்குத் தெரியாத சிமிட்டலால் தொல்லையே இல்லையா? உண்டு. நம் நாட்டைப் போலவே பிரித்தானியாவிலும் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ்தான். அதில் எரியும் பழைய டியூப் லைட் செக்கனுக்கு 100 தடவைகள் மங்கி ஒளிரும். அதைக் கண் காண்பதில்லை. அர்னல்ட் வில்கின்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஓர் அலுவலகத்தில் இந்த விளக்குகளையும், இலத்திரனியல் சோக் பொருத்திய, மிக வேகமாகத் துடிக்கும் விளக்குகளையும் மாற்றி மாற்றி எரித்துப் பார்த்தார்கள். எப்போது எது எரிகிறது என்பது ஊழியர்களுக்குத் தெரியாது. வேகமான விளக்குகளின் கீழ் தலைவலியும் கண் களைப்பும் சராசரியாகப் பாதிக்கும் கீழே குறைந்தன. 1989இல் வெளிவந்த முடிவு இது.

இன்றைய திரை

இன்று நம் வீடுகளில் உள்ள தட்டைத் திரைகள் வேறு விதமானவை. எல்.சி.டி. திரையின் ஒவ்வொரு புள்ளியும் அடுத்த படம் வரும்வரை தன் நிலையை அப்படியே வைத்திருக்கும். எனவே 60 ஹேர்ட்ஸிலும் அது பழைய பெட்டி போலச் சிமிட்டுவதில்லை. 144 ஹேர்ட்ஸில் அசைவு வழுவழுப்பாகத் தெரியும். விளையாட்டுக்கு அது நல்லது. பாடம் படிக்கவும் கடிதம் தட்டெழுதவும் 60 போதும். கண்ணைக் காக்கும் என்று எண்ணி அந்த எண்ணுக்காக மேலதிகமாகச் செலவழிக்கத் தேவையில்லை.

ஆனால், பெட்டியில் எழுதாத ஒரு சிமிட்டல் உண்டு. வெளிச்சத்தைக் குறைக்கும்போது சில திரைகள் தம் விளக்கின் ஒளியை உண்மையில் குறைப்பதில்லை. விளக்கை வேகமாக அணைத்து அணைத்து எரிக்கின்றன. செக்கனுக்கு 200, 240 தடவைகள் என்ற அளவில் இது நடப்பதுண்டு. ஓ.எல்.இ.டி. திரையுள்ள கைத்தொலைபேசிகள் பலவற்றிலும் இதே வழக்கம்தான். வெளிச்சத்தைக் குறைக்கக் குறைக்க, அணைந்திருக்கும் நேரம் கூடும். எல்லோரையும் இது தாக்குவதில்லை. சிலருக்குத் தலையிடியும் கண் உளைச்சலும் தருகிறது. இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, திரையையும் மிக மங்கலாக்கிப் பார்ப்பவர் கண்ணுக்கு இதம் என்று எண்ணிச் செய்வது இவர்களுக்கு எதிராகவே முடியும்.

உங்கள் திரை எப்படி என்று வீட்டிலேயே பார்க்கலாம். வெள்ளைப் பக்கமொன்றைத் திறந்து, வெளிச்சத்தைக் குறையுங்கள். திரைக்கு முன்னால் ஒரு பென்சிலை விசிறி போல வேகமாக ஆட்டுங்கள். அது ஒரே மங்கலான பட்டையாகத் தெரிந்தால் நல்லது. சீப்பின் பற்கள் போலத் தனித்தனிப் பென்சில்களாகத் தெரிந்தால் திரை சிமிட்டுகிறது. அப்படியானால் திரை வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டி, அறையிலும் விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். சில தொலைபேசிகளில் சிமிட்டலைக் குறைப்பதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கும். அதைத் தேடிப் பாருங்கள்.

பெரிய குற்றவாளி

இதையெல்லாம் செய்தும் கண் எரிகிறதா? அப்படியானால் காரணம் திரையில் இல்லாமல் இமையில் இருக்கலாம். ஜப்பானிய வைத்தியர்கள் 1993இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சராசரியாக 22 தடவைகள் இமைத்தவர்கள், புத்தகம் வாசிக்கும்போது 10 தடவைகளும், கணனித் திரையைப் பார்க்கும்போது 7 தடவைகளும்தான் இமைத்தார்கள். இமைக்காத கண்ணில் கண்ணீர்ப் படலம் காய்ந்துவிடும். அதனால்தான் எரிச்சல், மணல் விழுந்தாற்போன்ற உறுத்தல், மங்கல் எல்லாம்.

இதற்கு மருந்து செலவில்லாதது. 20 நிமிடத்துக்கு ஒரு தடவை, 20 அடிக்கு அப்பால் உள்ள ஏதாவதொன்றை 20 செக்கன் பாருங்கள். யன்னலுக்கு வெளியே நிற்கும் தென்னை போதும். அப்போது இமைகளை முழுதாக மூடி மூடித் திறவுங்கள். திரையைக் கையெட்டும் தூரத்தில், கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வையுங்கள். மின்விசிறிக் காற்று நேரே முகத்தில் அடிக்க விடாதீர்கள். நீல ஒளியைத் தடுக்கும் மூக்குக்கண்ணாடி என்று விற்கிறார்களே, அதற்குக் காசு கொடுக்க முன் யோசியுங்கள். 17 பரிசோதனைகளைத் தொகுத்து 2023இல் வெளிவந்த கொக்ரேன் ஆய்வு, திரையால் வரும் கண் களைப்பை அது குறைப்பதாகத் தெரியவில்லை என்றே கூறுகிறது.

இறுதியாகப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை திரைக்கு மிக அருகில் போய் உட்கார்ந்தால், கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், பாடசாலையில் கரும்பலகை தெரியவில்லை என்றால், திரையை மாற்ற முன் கண் வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். குறை பார்வையில் இருந்தால் எத்தனை ஹேர்ட்ஸ் திரையும் அதைத் தீர்க்காது. விலை கூடிய திரைக்கென்று ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியே அந்தப் பரிசோதனைக்கும் ஒரு கண்ணாடிக்கும் போதுமானதாக இருக்கலாம்.