தீங்கற்றதா அகராதி?

சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட தம் ஆங்கில அகராதியின் 'எல்' வரிசையில் அகராதிக்காரனையே எள்ளி, யாருக்கும் தீங்கு செய்யாத அப்பாவி என்று விளக்கியிருந்தார். இரசித்தோம். ஏற்பதற்கில்லை.

அதே வரிசைச் சொற்கள் மூன்று ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் சாலையில் நாளும் உலவுகின்றன: லேபர், லாக்-அவுட், லே-ஆஃப். முதலிரண்டுக்கும் தொழிலாளர், கதவடைப்பு என நல்ல தமிழ் வாய்த்துவிட்டது. மூன்றாவதைத்தான் நம் நாளிதழ்கள் 'பணிநீக்கம்' என்றெழுதிக் கெடுக்கின்றன.

1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தில் 1953-இல் சேர்ந்த விளக்கம் பழைய நடைதான். நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள் என்று அடுக்கி மூச்சு வாங்கும். ஆயினும் பொருளில் குழப்பமில்லை. முதலாளியால் வேலை தர இயலவில்லை. தொழிலாளியின் பெயரோ மஸ்டர் ரோலில் நீடிக்கிறது. 50 பேருக்குக் குறையாத ஆலையில் ஓராண்டு தொடர்ந்து உழைத்தவருக்கு அடிப்படை ஊதியத்திலும் அகவிலைப்படியிலும் பாதி உரியது. (பதிலிகளுக்கும் தற்காலிகத் தொழிலாளருக்கும் அதுவுமில்லை; அது தனிக் கொடுமை.) 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பும் இவ்வேறுபாட்டைக் கைவிடவில்லை.

அமெரிக்காவில் அச்சொல் வேலை பறிபோவதையே குறிக்கிறதே என்பர் நண்பர்கள். அங்கே குறிக்கட்டும். உதிரிபாகம் வராமல் ஒரகடத்தில் உற்பத்தி நின்ற நாளில், 'பணிநீக்கம்' என்று படித்த இளம்பெண் ஒருத்தி பாதி ஊதியத்தைக் கேளாமலே விடுதியைக் காலி செய்து ஊர் திரும்பினால், தீங்கு யார் செய்தது? 'தற்காலிக வேலை மறுப்பு' என்பது அழகான சொல் இல்லைதான். அதையே எழுதுங்கள் ஐயா.