சுவரில் சான்றிதழ், வாயில் ஓட்டை

அடுத்த முறை பல் கிளினிக்கில் காத்திருக்கும்போது செல்போனிலிருந்து தலையைத் தூக்கிச் சுவரைப் பாருங்கள். கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ்கள் வரிசையாகத் தொங்கும். இம்ப்ளான்ட், லேசர், ஸ்மைல் டிசைன், அலைனர் என்று என்னென்னவோ இருக்கும். ஒரு சொத்தைப் பல்லைச் சுத்தம் செய்து, எச்சில் படாமல் அடைத்து, அந்த அடைப்பைப் பத்து வருஷம் நிற்க வைக்கக் கற்றுக்கொண்டதற்கு மட்டும் சான்றிதழ் இருக்காது. அப்படிப் பயிற்சி நடத்த ஆள் கிடைப்பது அபூர்வம். நடத்தினாலும் ஹால் நிறையாது.

கொங்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில் பதினாறு வருஷமாகப் பல் அடைத்துக்கொண்டிருப்பவள் நான். பல் மருத்துவர்களின் தொடர்கல்வி என்று இங்கே நடப்பது பெரும்பாலும் ஒரு வருகைப் பதிவேடு. இதை எங்கள் ஆட்கள் டீ குடிக்கும்போது ஒத்துக்கொள்வார்கள், மேடையில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால்தான் பல் டாக்டர்கள் அதிகம் படிக்காத ஓர் இலக்கியப் பத்திரிகையில் இதை எழுதுகிறேன். இதில் பாதிக்கப்படுவது உங்கள் பல்.

ஏற்பாடு எளிமையானது. பதிவைப் புதுப்பிக்க பாயிண்ட் வேண்டும். பாயிண்ட் வேண்டுமென்றால் அங்கீகாரம் பெற்ற நிகழ்ச்சியில் போய் உட்கார வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, ஏசி ஹால். வாசலில் ஒரு பை, அதற்குள் பேனா, நோட்டு, ஏதோ ஒரு கம்பெனியின் பேஸ்ட். ஹாலுக்கு வெளியே ஸ்டால்கள். உள்ளே பேசுகிறவர் எந்த பிராண்ட் பாண்டிங்கைப் புகழ்ந்தாரோ, அது வெளியே 'இன்னைக்கு மட்டும்' தள்ளுபடியில் கிடைக்கும். திரையில் 'முன்', 'பின்' படங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரம்கூட இருக்காது. மூன்று வருஷம் கழித்து அந்த அடைப்பு எப்படி இருக்கிறது என்று ஒரு படம் காட்டுபவரைப் பார்ப்பது அரிது. கல்யாண ஆல்பத்தைப் பார்த்துவிட்டு அந்தத் தம்பதியின் குடும்ப வாழ்க்கையைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதி ஹால் காலி. கையெழுத்து காலையிலேயே போட்டாயிற்று.

'ஹேண்ட்ஸ்-ஆன்' பயிற்சி என்றால் காசு கூட. அங்கே கொடுப்பது பிளாஸ்டிக் பல். நாக்கு கிடையாது, எச்சில் கிடையாது, குமட்டல் கிடையாது, வாயை அடிக்கடி மூடிக்கொள்ளும் எட்டு வயசுப் பையன் கிடையாது. அந்தப் பல்லில் யார் அடைத்தாலும் அழகாகத்தான் வரும்.

இது ஏன் இப்போது முக்கியம்? பல் அடைக்கும் பொருளே மாறிவிட்டது. நூறு வருஷத்துக்கும் மேலாக அமால்கம் என்ற பாதரசக் கலவைதான் கடைவாய்ப் பல்லின் வேலைக்காரன். அது பல்லோடு ஒட்டாது; ஓட்டையைப் பெட்டி மாதிரி வெட்டி உள்ளே பூட்டி வைக்க வேண்டும். பார்க்கக் கறுப்பு, ஆனால் பொறுமைசாலி. கொஞ்சம் ஈரம் பட்டாலும், கை கொஞ்சம் தவறினாலும் சமாளித்துக்கொள்ளும். 2013இல் பாதரசத்துக்கு எதிரான மினமாட்டா ஒப்பந்தம் வந்தது. 2025 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் பல்லுக்கு அமால்கம் வைப்பதை, மருத்துவத் தேவையுள்ள சில விதிவிலக்குகள் தவிர, நிறுத்திவிட்டது. இங்கே தனியார் கிளினிக்குகளில் அது ஏற்கெனவே காணாமல் போய்விட்டது. 'வெள்ளை சிமென்ட்' என்று நீங்கள் கேட்கிறீர்களே, அந்த காம்போசிட்தான் இப்போது எல்லாருக்கும்.

காம்போசிட் பொறுமைசாலி இல்லை. 1955இல் மைக்கேல் புவோனோகோர் என்பவர் பல்லின் எனாமலை ஆசிட்டால் லேசாக அரித்துவிட்டால் பிளாஸ்டிக் பசை அதில் பிடித்துக்கொள்ளும் என்று காட்டினார். இன்றைய வெள்ளை அடைப்பு முழுக்க அந்தக் கண்டுபிடிப்பின் மேல் நிற்கிறது. ஆசிட் வைத்து, கழுவி, உலர்த்த வேண்டும். அதிகமாக உலர்த்தினால் உள்பல் பசையை ஏற்காது, குறைவாக உலர்த்தினாலும் ஏற்காது. அப்புறம் பாண்டிங், அதற்கு லைட். பிறகு சாதாரண காம்போசிட்டை இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் அடுக்கடுக்காக வைத்து ஒவ்வோர் அடுக்குக்கும் லைட். நடுவில் ஒரு துளி எச்சில் பட்டால் ஒட்டு போச்சு. எச்சிலைத் தடுக்க ரப்பர் டேம் என்ற மெல்லிய ரப்பர் விரிப்பு இருக்கிறது. 1864இல் நியூயார்க்கில் பார்னம் என்ற பல் மருத்துவர் கொண்டுவந்தது. நூற்றி அறுபது வருஷப் பழைய சாமான். உங்கள் வாயில் யாராவது போட்டிருக்கிறார்களா? யோசித்துப் பாருங்கள்.

இதைவிட மோசம் அந்த நீல லைட். பல்பு மங்கிப்போன லைட்டும் நீலமாகத்தான் எரியும். நுனியில் பழைய காம்போசிட் துணுக்கு ஒட்டியிருந்தாலும் நீலமாகத்தான் எரியும். அடைப்பின் மேல்பக்கம் கல் மாதிரி இறுகிவிடும், கருவியால் தட்டினால் 'டிக்'கென்று சத்தம் வரும். அடிப்பக்கம் வேகாத இட்லி மாதிரி கொழகொழவென்றே இருக்கும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அளக்க ஒரு சின்ன மீட்டர் வேண்டும். அந்த மீட்டரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிய நிகழ்ச்சிக்கு எனக்கு இதுவரை அழைப்பு வந்ததில்லை. புது லைட் வாங்கச் சொல்லி வந்த அழைப்புகளுக்குக் கணக்கில்லை.

தறிக்குப் போகும் ஒரு அம்மா என்னிடம் வந்தார். வேறெங்கோ அடைத்த கடைவாய்ப் பல். "மூணாவது தடவைங்க டாக்டரம்மா. சிமெண்டு நிக்கவே மாட்டீங்குது. என்ற பல்லு அப்படியாட்ட இருக்குதுங்க" என்றார். அந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்புவது. வீட்டுக்கு அடித்த பெயின்ட் உரிந்தால் பெயின்டரைத் திட்டுகிறோம். பல் அடைப்பு விழுந்தால் ஜனங்கள் தங்கள் பல்லையே குறை சொல்லிக்கொள்கிறார்கள். 'எனக்குப் பல்லே ராசியில்லை' என்கிறார்கள். நாங்களும் திருத்துவதில்லை.

அடைப்பு விழும் ஒவ்வொரு தடவையும் பல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. பழையதைத் தோண்டி எடுக்கும்போது நல்ல பல்லும் சேர்ந்து போகும். சின்ன ஓட்டை பெரிய ஓட்டையாகும். அப்புறம் ரூட் கெனால், அதற்கு மேல் கேப், ஒருநாள் பிடுங்கல், கடைசியில் அந்த இடத்தில் இம்ப்ளான்ட். இதில் ஒவ்வொரு படிக்கும் முந்தியதைவிடக் கட்டணம் அதிகம். எங்கள் ஊரில் ஓர் அடைப்புக்கு ஆயிரம் ரூபாய் என்றால், ரூட் கெனாலும் கேப்பும் சேர்ந்து ஏழெட்டாயிரம். ஒழுங்காக அடைக்கத் தெரிந்தவருக்கு ஆயிரம், தெரியாதவருக்கு எட்டாயிரம். இப்படி ஒரு சம்பளக் கணக்கு வேறெந்தத் தொழிலிலாவது உண்டா? யாரும் வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. கற்றுக்கொள்ளாமல் இருப்பதால் நஷ்டம் வருவதில்லை என்கிறேன்.

ஆழமான சொத்தையை எடுத்துக்கொள்வோம். நான் படித்த காலத்தில், மெத்தென்று இருப்பதை எல்லாம் சுரண்டி, அடித்தளம் கெட்டியாகும் வரை போக வேண்டும் என்பதே பாடம். சுரண்டுகிற கருவி 'கிறீச்'சென்று கத்த வேண்டும். இன்றைக்கு நிலைமை வேறு. 2016இல் உலகச் சொத்தை நிபுணர்கள் கூடி எழுதிய பரிந்துரை, நரம்புக்கு மேலே இருக்கும் மென்மையான பகுதியைத் தொடாமல் விட்டு, சுற்றுவட்டாரத்தை மட்டும் கெட்டியாகச் சுத்தம் செய்து, இறுக மூடச் சொல்கிறது. உள்ளே அடைபட்ட கிருமிகளுக்குச் சாப்பாடு கிடைக்காது. சொத்தை அங்கேயே நின்றுவிடும். இதைத் தெரியாதவர் நல்லெண்ணத்தோடுதான் சுரண்டுவார். நரம்பு திறந்துகொள்ளும். "ரொம்ப ஆழம், ரூட் கெனால்தான்" என்பார். அவர் சுவரில் ஐந்து வருஷத்துக்குத் தேவையான பாயிண்ட் முழுசாக இருக்கும்.

மலிவான விஷயங்களின் கதி இதைவிடப் பரிதாபம். சொத்தையைக் கறுப்பாக்கி அப்படியே நிறுத்தும் சில்வர் டயமைன் ஃபுளோரைடு சொட்டுமருந்தும், பல்லோடு தானாகவே ஒட்டும் கிளாஸ் அயனோமரும் 2021இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஏறின. இதற்கு ஸ்டால் போட்டால் யாருக்கு என்ன லாபம்?

சொற்பொழிவு கேட்பதால் மருத்துவர்கள் மாறுவதில்லை என்பது புதுச் செய்தியும் இல்லை. 1999இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பு, வெறும் உரை நிகழ்ச்சிகள் மருத்துவரின் நடைமுறையை மாற்றியதற்கு ஆதாரம் இல்லை என்றது. மாற்றுவது எது? 2016இல் ஸ்காட்லாந்திலிருந்து ஒரு ஆய்வு வந்தது. 795 பல் கிளினிக்குகள். பெரும்பாலானவற்றுக்கு, 'நீங்கள் இவ்வளவு ஆன்டிபயாடிக் எழுதியிருக்கிறீர்கள்' என்று அவரவர் கணக்கை ஒரு வரைபடமாகத் தபாலில் அனுப்பினார்கள். ஹோட்டல் இல்லை, பை இல்லை, பிரியாணி இல்லை. அனுப்பாத கிளினிக்குகளோடு ஒப்பிட்டால் ஆன்டிபயாடிக் எழுதுவது 5.7 சதவீதம் குறைந்தது. சின்ன எண்தான். ஆனால் ஒரு காகிதத்தின் விலைக்கு அது கிடைத்தது. தன் வேலை தன் கண்ணெதிரே வந்து நின்றால் மனுஷன் கொஞ்சமாவது திருந்துவான்.

நம் சட்டம் எதைப் பார்க்கிறது? 1948ஆம் வருஷத்துப் பல் மருத்துவர் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் கொண்டுவந்தார்கள். உரிமம் பெற ஒரு வெளியேறும் தேர்வு உண்டு என்கிறது. நல்லது. இருபத்து மூன்று வயசுப் பிள்ளையை ஒருநாள் சோதிப்பீர்கள். அதற்குப் பிறகு நாற்பது வருஷம் அவர் அடைக்கப்போகும் பற்களில் ஒன்றையாவது யாராவது திறந்து பார்ப்பார்களா?

இதற்கு எங்கள் ஆட்கள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். "மேடம், ரப்பர் டேம் போட்டு ஒரு பல்லுக்கு முக்கால் மணி நேரம் உட்கார்ந்தா வாடகை யார் கட்டுறது? பேஷன்ட் எழுநூறு ரூபாய்க்கு எதிர்த்த கிளினிக்குக்குப் போயிடுவான்." நியாயம்தான். பிடிஎஸ் முடித்துவிட்டு இன்னொருவர் கிளினிக்கில் சொற்பச் சம்பளத்துக்கு நாள் முழுக்க நிற்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். குழந்தை பெற்று நாலு வருஷம் கழித்துத் தயங்கித் தயங்கி சேருக்குத் திரும்பும் பெண்களையும் தெரியும். அவர்களை எப்படிக் குறை சொல்வது? ஆனால் அந்தப் பிள்ளைகளிடம்தான் இரண்டு நாள் ஸ்மைல் டிசைன் பயிற்சிக்கு மாசச் சம்பளத்தைக் கேட்கிறோம். அவர்களிடம் வருகிற நோயாளி கேட்பது வலியில்லாமல் மெல்லுவதற்கு ஒரு கடைவாய்ப் பல்.

எங்கள் பக்கத்து ஊர்களில் நாங்கள் ஆறு பேர் இரண்டாம் ஞாயிறு கூடுகிறோம். ஒரு கிளினிக் மாடி. ஆளுக்கு மூன்று வருஷத்துக்கு முன் அடைத்த பத்துப் பற்களின் போட்டோவும் எக்ஸ்ரேயும் கொண்டுவர வேண்டும். நன்றாக வந்ததை மட்டும் பொறுக்கிக்கொண்டு வரக்கூடாது, ரிஜிஸ்டரில் வரிசையாக வரும் பத்து. வர மறுத்த பேஷன்ட் இருந்தால் அதையும் எழுத வேண்டும். லைட் மீட்டர் ஒன்றை ஆறு பேரும் பங்கு போட்டு வாங்கினோம். மாசா மாசம் எல்லார் லைட்டும் அளக்கப்படும். போன கூட்டத்தில் இரண்டு மணி நேரம் ஒரே விஷயம்தான்: இரண்டு பற்களுக்கு நடுவே அடைக்கும்போது ஈறு ஓரத்தில் ஏன் மறுபடி சொத்தை வருகிறது. சத்தம், சண்டை, அப்புறம் டீ.

இதற்கு பாயிண்ட் கேட்டு விண்ணப்பித்துப் பார்த்தோம். படிவத்தில் 'பேச்சாளர் பெயர், தகுதி, அனுபவம்' என்று ஒரு பத்தி இருந்தது. பேச்சாளர் கிடையாது, எங்கள் பற்களைத்தான் நாங்கள் பார்க்கிறோம் என்று எழுதினோம். அந்தப் பத்தியை நிரப்பாமல் எடுத்துக்கொள்ள முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கூட்டம் நடக்கிறது. பாயிண்டுக்காக நாங்கள் ஆறு பேரும் இன்னமும் ஹோட்டலுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறோம்.