பறைக்கு மட்டும் ஏன் பாலிஷ் கூடாது?

“நல்லாத்தான் இருக்கு ப்ரோ, ஆனா ரொம்ப பாலிஷா இருக்கு. அந்த ரா ஃபீல் போயிடுச்சு.”

2018 ஜனவரியில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் சென்னையில் முதல் மேடை ஏறியதிலிருந்து இதை வெவ்வேறு வாய்களில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 2019இல் அறிவும் ஓஃப்ரோவும் ‘தெருக்குரல்’ வெளியிட்டபோது கேட்டேன். 2021 மார்ச்சில் ‘என்ஜாய் எஞ்சாமி’ வந்தபோது இன்னும் அதிகமாகக் கேட்டேன். ஒப்பாரியின் சாயல் உள்ள ஒரு பாட்டு கல்யாண வீட்டிலும் ஜிம்மிலும் ஓடியது சிலருக்குப் பொறுக்கவில்லை. சொல்பவர்கள் நல்ல ரசிகர்கள், நிறைய வாசிப்பவர்கள். அதனால்தான் கோபம் வருது.

நான் திண்டுக்கல் நாகல் நகர்க்காரன். சின்ன வயசில் பாட்டு எனக்கு வந்து சேர்ந்தது குழாய் ஸ்பீக்கர் வழியாகத்தான். பாதி வரி புரியாது. பேஸ் என்று ஒன்று இருப்பதே காலேஜில் ஹெட்போன் வாங்கிய பிறகுதான் தெரிந்தது. திருவிழாவில் இன்னிசைக் கச்சேரி நடக்கும். பாடகருக்கு மைக், கீபோர்டுக்கு லைன். ஊர்வலத்தில் பறை அடித்துக்கொண்டு வந்தவர்கள் முன்னால் ஒரு மைக்கை நான் பார்த்ததே இல்லை. கேட்டால், “அதுக்கு எதுக்குப்பா மைக்? அதுவே பெரிய சத்தம்” என்பார்கள். கீபோர்டில் வந்தால் இசை, தோலில் வந்தால் சத்தம்.

இப்போது அந்தத் தோலுக்கு ஒரு ஸ்டுடியோ கிடைத்திருக்கிறது. நல்ல மைக், பொறுமையாக உட்கார்ந்து மிக்ஸ் பண்ண ஓர் ஆள். உடனே நமக்கு ‘ரா’ வேண்டுமாம்.

பறை அடிப்பவர் முதலில் என்ன செய்கிறார் என்று பார்த்திருக்கிறீர்களா? தீ மூட்டி, தோலைக் காய்ச்சுகிறார். தட்டிப் பார்க்கிறார், மறுபடி காய்ச்சுகிறார். தோல் விறைத்து, அவருக்கு வேண்டிய நாதம் வரும்வரை விடமாட்டார். பாலிஷ் அங்கேயே தொடங்கிவிட்டது. ‘ரா’ என்பது வாசித்தவர் கேட்டது இல்லை, தூரத்தில் நின்று கேட்டவர் கற்பனை செய்துகொண்டது.

ஸ்டுடியோவில் நடப்பதும் மந்திரம் இல்லை. பறையின் அடி சட்டென்று உச்சத்துக்குப் போய் இறங்கிவிடும். அப்படியே விட்டால் பாடுகிறவரின் சொல் அதற்கடியில் புதைந்துபோகும். கம்ப்ரஸர் அந்த உச்சத்தைக் கொஞ்சம் அமுக்குகிறது. சொல் மேலே வருகிறது. சாதியைப் பற்றி, நிலத்தைப் பற்றிப் பாடுகிற பாட்டில் சொல் கேட்க வேண்டாமா? எட்டாயிரம் ரூபாய் போனிலும் அது தெளிவாகக் கேட்கிறது என்றால், யாரோ ராத்திரி முழுக்க அதற்காக உழைத்திருக்கிறார்கள். மனசில் ஒட்டுகிற மெட்டும் அப்படித்தான். நாற்று நடும்போது பாடும் பாட்டில் ஒரே வரி ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? கூட்டம் சேர்ந்து பாட. ‘ஹுக்’கை ஸ்பாட்டிஃபை கண்டுபிடிக்கவில்லை.

1976இல் ‘அன்னக்கிளி’யில் பண்ணைப்புரத்து இளையராஜா கிராமத்து மெட்டை ஸ்டுடியோ வாத்தியங்களோடு கோத்தார். இன்று அதை மேதைமை என்கிறோம். சபாவில் வீணைக்கு மைக் வைத்தால் யாரும் அசல் போய்விட்டது என்று அழுவதில்லை. சேரியிலிருந்து வரும் பாட்டு மட்டும் நமக்குப் புழுதியோடு வேண்டும். இதற்கு ரசனை என்று பெயர் வைக்காதீர்கள்.

எல்லா பாலிஷும் நல்லது என்று சொல்ல வரவில்லை. எல்லா அடியையும் ஒரே உயரத்துக்கு அமுக்கி, மூன்றாவது பாட்டிலேயே காதைச் சலிக்கவைக்கும் ஆல்பங்கள் உண்டு. தாராளமாகத் திட்டுங்கள். ஆனால் எந்தச் சொல் தொலைந்தது, எந்த அடி கேட்கவில்லை என்று சொல்லித் திட்டுங்கள்.

கோபப்பட வேறு இடங்களும் இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியாவின் அட்டையில் அறிவு இல்லை, பா. ரஞ்சித் பொதுவெளியில் கேள்வி எழுப்ப வேண்டியிருந்தது. 2024 மார்ச்சில், அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு இதுவரை ஒரு பைசாகூட வரவில்லை என்றார் சந்தோஷ் நாராயணன். பெயர் யாருக்கு, காசு யாருக்கு, உரிமை யாரிடம்? இந்தக் கேள்விகளுக்கு நம்மில் எத்தனை பேர் வாய் திறந்தோம்?

நாம் அப்போதும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, “கொஞ்சம் ராவா இருந்திருக்கலாம்” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.