'குளூட்டன் ஃப்ரீ' ஸ்வீட் பிரெட்: பாக்கெட்டைத் திருப்பிப் படிச்சீங்களா?

போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதைத் தாண்டினால் இடுக்கியின் ஏலத்தோட்டங்கள். மேலே கப்பைக்கிழங்கு, கீழே இட்லியும் கேப்பைக் களியும். கோதுமை விளையாத இந்த ஊர்க்காரர்களின் செல்போன் திரையிலும் இப்போது 'குளூட்டன் ஃப்ரீ' ஸ்வீட் சாண்ட்விச் பிரெட் விளம்பரம் வந்து நிற்கிறது. விலை சாதாரண பிரெட்டைவிடப் பல மடங்கு. ஹெல்த்தியா இருக்கும்னு நினைத்து வாங்குபவர்களும் உண்டு, வேறு வழியே இல்லாமல் வாங்குபவர்களும் உண்டு. இந்த இரண்டு பேருக்கும் அந்த பாக்கெட் ஒன்றல்ல.

குளூட்டன் என்றால் என்ன?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதம். பரோட்டா மாஸ்டர் மாவை வீசும்போது அது கிழியாமல் விரிகிறதே, அந்த இழுவைக்குக் காரணம் இதுதான். பிரெட் உப்பி வருவதும், வெட்டினால் உதிராமல் நிற்பதும் இதனால்தான்.

யாருக்கு ஆகாது?

'சீலியாக்' நோய் இருப்பவர்களுக்கு. குளூட்டன் உள்ளே போனால் அவர்களின் நோய் எதிர்ப்பு மண்டலம் தன் சிறுகுடலையே தாக்கும். சாப்பாட்டுச் சத்து உடம்பில் சேராது. குழந்தைகளுக்கு வளர்ச்சி குன்றும், தீராத வயிற்றுப்போக்கு வரும். பெரியவர்களுக்கு விடாத ரத்தசோகை மட்டுமே அறிகுறியாக இருக்கலாம். இதற்கு மாத்திரை கிடையாது. ஆயுள் முழுக்க குளூட்டனைத் தவிர்ப்பதே சிகிச்சை.

2016-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வின்படி, வட இந்தியாவில் பெரியவர்களில் 1.23 சதவீதம் பேருக்கு இந்த நோயைச் சுட்டும் எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடி) ரத்தத்தில் இருந்தன, தென்னிந்தியாவில் 0.10 சதவீதம். நோய்க்கு வழிவிடும் மரபணு இரு பகுதியிலும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் இருந்தது. பெரிய வித்தியாசம் கோதுமையில்: வடக்கே நாளுக்கு 455 கிராம், தெற்கே வெறும் 25 கிராம். பரோட்டா, பிஸ்கட், பிரெட் எனத் தட்டு மாறிக்கொண்டே போகும் தமிழ்நாட்டுக்கு இது முக்கியமான தகவல்.

பிரெட்டுக்குள் என்ன இருக்கிறது?

குளூட்டனை எடுத்துவிட்டால் மாவு சேர்ந்து நிற்காது. அதனால் அரிசி மாவோடு மரவள்ளி, உருளைக்கிழங்கு, சோள ஸ்டார்ச் சேர்ப்பார்கள். பிடிப்புக்கு சாந்தன் கம் அல்லது இசப்கோல். மென்மைக்கு எண்ணெய், சிலவற்றில் முட்டை. ஈஸ்ட், உப்பு, கூடவே சர்க்கரை. ஸ்வீட் வகை என்றால் சர்க்கரை இன்னும் கூடும்.

மரவள்ளி ஸ்டார்ச் வேறொன்றுமில்லை, நம்ம ஜவ்வரிசி செய்யும் அதே பொருள்தான். கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து. புரதமும் நார்ச்சத்தும் இல்லை என்றே சொல்லலாம். எனவே ஸ்டார்ச் அதிகமான பிரெட் ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். சீலியாக் இல்லாதவருக்கு இதில் தனி ஆரோக்கியப் பலன் எதுவும் இல்லை.

லேபிளில் எதைப் பார்க்கணும்?

* குளூட்டன் அளவு: 'குளூட்டன் ஃப்ரீ' எனப் போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணைய விதி. 20 முதல் 100 வரை என்றால் அது 'லோ குளூட்டன்'. சீலியாக் நோயாளிக்கு ஏற்றதல்ல.
* பொருள் வரிசை: எடை அதிகமுள்ளது முதலில் வரும். ஸ்டார்ச்சும் சர்க்கரையும் முன்வரிசையில் இருந்தால் அது ஏறக்குறைய கேக்.
* சேர்த்த சர்க்கரை: லேபிள் கணக்கில் ஒரு நாளுக்கான அளவு 50 கிராம். உதாரணத்துக்கு, 100 கிராமில் 10 கிராம் சர்க்கரை இருந்தால், 60 கிராம் எடையுள்ள இரண்டு ஸ்லைஸில் 6 கிராம். ஜாம் தடவினால் அது தனிக் கணக்கு.

நம்ம வீட்டிலேயே இல்லையா?

இருக்கிறது. இட்லி, இடியாப்பம், கொழுக்கட்டை, கேப்பைக் களி, கம்மங்கூழ் எல்லாமே இயல்பாகவே குளூட்டன் இல்லாதவை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 360 மில்லிகிராம் கால்சியம் வேறு.

ஆனால் இங்கேயும் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, கூட்டுப் பெருங்காயம். பல பிராண்டுகளில் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். இட்லி தப்பித்தாலும் சாம்பார் மாட்டிவிடும். இரண்டு, மாவு மில். கோதுமை அரைத்த அதே மெஷினில் கேப்பையைக் கொட்டினால், ஒட்டியிருக்கும் கோதுமை மாவும் சேர்ந்தே வரும். சாதாரண ஆளுக்கு இது ஒரு விஷயமே இல்லை. சீலியாக் குழந்தைக்கு இதுதான் விஷயமே.

அடுத்து என்ன?

வயிறு சரியில்லை என்று நீங்களே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திய பிறகு ரத்தப் பரிசோதனை செய்தால் நோய் இருந்தும் இல்லை என்று காட்டலாம். முதலில் டாக்டர், பிறகு டெஸ்ட், அப்புறம்தான் டயட்.

அரசுக்கும் வேலை இருக்கிறது. 2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தின் பட்டியலில் ரவை, சேமியா உணவுகளும் இடம்பிடித்தன. சீலியாக் உறுதியான மாணவருக்கு அந்த நாட்களில் அரிசி உணவு தனியாகக் கிடைக்க வேண்டும். மருத்துவச் சான்று, சமையலறைக்கு ஒரு குறிப்பு, தனிக் கரண்டி: இவ்வளவு போதும். ஊர் மில்களில் கோதுமை படாத ஒரு மெஷினுக்கு மானியம் கொடுத்தால், விலை உயர்ந்த பாக்கெட்டை நம்பியிருக்கும் பல குடும்பங்களின் செலவு குறையும்.

பணம் இருப்பவருக்கு பிரெட் ஒரு சாய்ஸ். சீலியாக் குழந்தையின் அம்மாவுக்கு அந்த லேபிள் ஒரு வாக்குறுதி. அதைச் சோதித்து உறுதி செய்வது ஆணையத்தின் கடமை. வாங்கும் முன் திருப்பிப் படிப்பது நம்ம வேலை.