மாவட்டந்தோறும் புற்றுநோய் மையம்: கதிரியக்க மருந்துச் சிகிச்சை ஏன் பெருநகரிலேயே நிற்கிறது?

2025 பிப்ரவரி 1 அன்று தாக்கல் செய்யப்பட்ட மத்திய நிதிநிலை அறிக்கை, மூன்று ஆண்டுகளுக்குள் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் பகல்நேரப் புற்றுநோய் மையங்கள் அமைக்கப்படும் என்றும், அவற்றில் 200 மையங்கள் 2025–26ஆம் ஆண்டிலேயே தொடங்கப்படும் என்றும் அறிவித்தது. திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்து வைக்கப்பட்டது. கொடைரோடு, அம்மையநாயக்கனூர், நிலக்கோட்டைப் பகுதி மக்களுக்கு வீட்டிற்கு அருகிலேயே கீமோதெரபி மருந்தேற்றிக்கொண்டு மாலையில் ஊர் திரும்பும் நிலை வருமாயின் அது பெரும் பயனே. ஆயினும், தைராய்டு சுரப்பி அகற்றப்பட்டபின் "அயோடின் கதிர்மருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்" என்று எழுதித் தரப்பட்ட சீட்டுடன் வரும் ஒருவருக்கு இந்தப் பகல்நேர அமைப்பு பெரிதும் உதவாது. உயர் அளவில் கதிரியக்க மருந்து பெறுபவர் சில இரவுகள் தனி அறையில் தங்க வேண்டும். அந்த அறையும், அதனை நடத்தும் அணுக்கரு மருத்துவ வல்லுநரும் இன்றும் பெரும்பாலும் பெருநகர மருத்துவமனைகளிலேயே உள்ளனர்.

மருந்தே கதிராகும்போது

கதிர்வீச்சு சிகிச்சை என்றவுடன் உடலுக்கு வெளியே நிற்கும் பெரிய இயந்திரமே பலர் நினைவுக்கு வரும். மூலக்கூறுக் கதிர்மருத்துவத்தில் இயந்திரம் இல்லை. கதிரியக்கப் பொருள் ஒன்று வாய்வழியாகவோ நரம்புவழியாகவோ செலுத்தப்படுகிறது. நோயுற்ற செல்கள் அதனைத் தாமே உறிஞ்சிக்கொள்கின்றன. தைராய்டு செல்கள் அயோடினை விரும்பி ஈர்ப்பவை. அவற்றுக்கு அயோடின்-131 கொடுக்கப்பட்டால், அது வெளியிடும் பீட்டா துகள்கள் ஓரிரு மில்லிமீட்டர் தொலைவுக்குள்ளேயே தம் ஆற்றலைச் செலவிட்டு அச்செல்களை அழிக்கின்றன. அதே அயோடின் வெளியிடும் காமா கதிர்கள் உடலைக் கடந்து வெளியே வருகின்றன. நோய் எங்கெல்லாம் பரவியுள்ளது என்று படமெடுக்க உதவுவதும், நோயாளியைத் தனி அறையில் வைக்கக் காரணமாவதும் அவையே.

இது புதிய முறை அன்று. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சால் ஹெர்ட்ஸ் என்ற மருத்துவர் 1941இல் மிகைத் தைராய்டு நோய்க்குக் கதிரியக்க அயோடினை முதன்முதலில் வழங்கினார். இந்தியாவில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கதிரியக்க மருத்துவ மையம் 1963 முதல் மும்பையில் செயல்படுகிறது. தமிழ்நாட்டில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி போன்ற நிறுவனங்களுக்கு இத்துறையில் நீண்ட அனுபவம் உண்டு.

அண்மைக்காலத்தில் இத்துறைக்குப் புதிய வேகம் அளித்தது லூட்டீசியம்-177. நரம்பு நாளமில்லாச் சுரப்பிக் கட்டிகளுக்கான லூட்டீசியம் மருந்தை அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு 2018இலும், பரவிய புராஸ்டேட் புற்றுநோய்க்கானதை 2022இலும் ஏற்றது. பிந்தையதற்கு அடிப்படையான ஆய்வில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 11.3 மாதங்களாகவும், லூட்டீசியமும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 15.3 மாதங்களாகவும் இருந்தது. நான்கு மாத நீட்டிப்பு முழுக் குணம் ஆகாது. இதனைத் தொடக்கத்திலேயே நோயாளியின் குடும்பத்திடம் தெளிவாகச் சொல்வது மருத்துவரின் கடமை. வீட்டையோ நிலத்தையோ அடமானம் வைக்கும் முன் அக்குடும்பம் அறிந்திருக்க வேண்டிய எண் அது.

காத்திருக்காத மருந்து

நிலக்கோட்டைப் பூச்சந்தைக்கு மல்லிகை கொண்டு செல்பவர்களுக்கு இத்துறையின் சிக்கலை எளிதில் விளக்கலாம். மொட்டு மலர்வதற்குள் சந்தை சேர வேண்டும். அயோடின்-131இன் அரைவாழ்நாள் ஏறத்தாழ 8 நாட்கள். அதாவது, எவ்வளவு கவனமாகப் பூட்டி வைத்தாலும் ஒவ்வொரு நாளும் சுமார் 8 விழுக்காடு குறைந்துகொண்டே இருக்கும். லூட்டீசியத்தில் இந்த இழப்பு நாளொன்றுக்கு 10 விழுக்காட்டளவு. இந்தியாவில் இத்தகைய பொருள்கள் டிராம்பேயிலுள்ள துருவா ஆய்வு உலையில் உருவாக்கப்பட்டு, கதிரியக்க மற்றும் ஐசோடோப்புத் தொழில்நுட்ப வாரியத்தின் வழியாக மருத்துவமனைகளுக்கு அனுப்பப்படுகின்றன. அன்றன்றைய பயணத்தையும் கணக்கிட்டே அளவு குறிக்கப்படுகிறது.

ஒரு நோயாளிக்கென 100 மில்லிகியூரி வருவிக்கப்பட்டது என்று கொள்வோம். திராட்சை அறுவடை முடியட்டும், கூலி கைக்கு வரட்டும் என்று அவர் ஒரு வாரம் தள்ளி வந்தால் அது ஏறத்தாழ 55 ஆகிவிடும். வேறு மருந்து வருவிக்க வேண்டும். வரிசையில் மீண்டும் நிற்க வேண்டும். ஆகவே, குறித்த நாளில் வர இயலாது என்று தெரிந்தவுடன், அது எவ்வளவு சிறிய காரணமாயினும், மருத்துவமனைக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுவது நல்லது.

உலக அளவிலும் வழங்கல் உறுதியாக இல்லை. கனடாவின் என்ஆர்யூ உலை 2009இல் நின்றபோது ஸ்கேன்களுக்கான டெக்னீசியத்துக்கு உலகெங்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது. 2018இல் அவ்வுலை நிரந்தரமாக மூடப்பட்டது. மருத்துவ ஐசோடோப்புகளுக்கென அரசு–தனியார் பங்களிப்பில் ஓர் ஆய்வு உலை அமைக்கப்படும் என்று இந்திய அரசு 2020 மே மாதத்தில் அறிவித்தது. புதிய வார்டுகளைத் திறப்பதற்கு நிகராக இத்தகைய உலைகளும் முக்கியமானவை. மருந்து வந்து சேராத வார்டு பூட்டிய அறையே.

வல்லுநர் என்ன செய்கிறார்?

மருந்தை வழங்குவது அவருடைய பணியில் மிகச் சிறிய பகுதி. யாருக்குத் தேவையில்லை என்று முடிவு செய்வதே கடினமானது. இடர் குறைந்த தைராய்டு புற்றுநோயில் 30 மில்லிகியூரி, 100 மில்லிகியூரிக்கு நிகரான பலன் தருவதாகப் பிரான்சிலும் பிரிட்டனிலும் நடந்த ஆய்வுகள் 2012இல் காட்டின. அத்தகையோரில் அயோடினே கொடுக்காமல் கண்காணித்தாலும் போதும் என்பதற்கு 2022இல் பிரெஞ்சு ஆய்வொன்று சான்றளித்தது. கைக்குழந்தை உள்ள ஒரு பெண்ணுக்கு இந்த வேறுபாடு பெரிது. தாய்ப்பாலூட்டுவதைச் சிகிச்சைக்குக் குறைந்தது ஆறு வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். அக்குழந்தைக்கு மீண்டும் பாலூட்டவும் கூடாது. (அடுத்த மகப்பேற்றில் தடையில்லை.) கருவுற்றிருப்போருக்கு இம்மருந்து எந்நிலையிலும் வழங்கப்படுவதில்லை. குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்கள் அனைவருக்கும் கருப்பரிசோதனை செய்வது அதனால்தான். இதில் மனம் வருந்த ஒன்றுமில்லை.

முன்தயாரிப்பிலும் தவறுகள் நேர்வதுண்டு. தைராக்சின் மாத்திரையை எப்போது நிறுத்துவது, அயோடின் கலந்த உப்பையும் கடல் மீன், கருவாட்டையும் எத்தனை நாள் தவிர்ப்பது என்பவற்றை மருத்துவர் கூறுவார். பலர் சொல்ல மறப்பது வேறொன்று: அண்மையில் சாய ஊசி போட்டு எடுத்த சிடி ஸ்கேன். அச்சாயத்தில் மிகுதியாக உள்ள அயோடின், மருந்து உள்ளே செல்ல வேண்டிய இடத்தை முன்னரே நிரப்பிவிடும். இதனால் சிகிச்சையே சில மாதங்கள் தள்ளிப்போகலாம்.

சிகிச்சை நாளன்று மருத்துவரும் பணியாளர்களும் எட்டி நின்று பேசுவார்கள். உணவை வாயிலில் வைத்துவிட்டு நகர்வார்கள். இதனைத் தீண்டாமை போல் எண்ணி மனம் நொந்தவர்கள் உண்டு. நோயாளி இக்கதிரை ஒருமுறை, தம் நோய்க்காகப் பெறுகிறார். பணியாளரோ அதே அறைக்கு ஆண்டு முழுதும் வருபவர். அவருக்கு அனுமதிக்கப்பட்ட அளவு, ஐந்து ஆண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. சட்டையில் அணிந்துள்ள சிறு பட்டை அதனைக் கணக்கிடுகிறது. அறையின் கழிவுநீர் நேரே சாக்கடைக்குச் செல்லாமல் தனித் தொட்டிகளில் தேக்கப்பட்டு, கதிரியக்கம் தணிந்த பின்னரே வெளியேற்றப்படுகிறது. இவ்வளவையும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஆய்ந்து உரிமம் வழங்கினால்தான் வார்டு இயங்க முடியும். ஒரு மாவட்ட மருத்துவமனையில் கட்டில்களைச் சேர்ப்பதுபோல் இதனைச் சேர்த்துவிட இயலாமைக்கு இதுவே காரணம். தொட்டியை ஓராண்டில் கட்டிவிடலாம். வல்லுநரையும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரையும் பயிற்றுவிக்கப் பல ஆண்டுகள் ஆகும். எனவே, அரசின் முதலீடு இருக்கைகளில் தொடங்க வேண்டும் என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

ஊர் திரும்பும்போது

உடலிலிருந்து வரும் கதிரின் அளவு விதிப்படி குறைந்த பின்னரே வீட்டிற்கு அனுப்புவர். அயோடினின் பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே சிறுநீரில் வெளியேறிவிடும். மதுரையிலிருந்து கொடைரோட்டுக்கு நெரிசலான பேருந்தில் ஒருவர் மடியோடு ஒருவராக நின்று வருவதைத் தவிர்க்க வேண்டும். இயன்றால் தனி வண்டியில் பின்னிருக்கையில் அமரலாம். இரயிலாயின் கூட்டமில்லா நேரத்தைத் தேர்ந்து கர்ப்பிணிகள், குழந்தைகள் அருகே அமராமல் வரலாம். எத்தனை நாள் தனியே உறங்குவது, பேரக்குழந்தையை எப்போது மடியில் வைத்துக்கொள்வது என்பன பெற்ற அளவைப் பொறுத்தவை. மருத்துவர் எழுதித் தருவதைப் பின்பற்றவும். நிறையத் தண்ணீர் அருந்தவும். கழிப்பறையில் இருமுறை நீர் ஊற்றவும். பெண்கள் குறைந்தது ஆறு மாதங்களுக்குக் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும்.

செலவு குறித்து: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளவர்கள், தமக்கு எழுதப்பட்ட சிகிச்சை அதில் அடங்குமா என்பதை மருந்து வருவிக்கப்படும் முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டறிந்துகொள்ள வேண்டும். விடுவிப்பின்போது தரப்படும் சான்றில் மருந்தின் பெயரும் அளவும் நாளும் இருக்கும். சில வாரங்கள் வரை விமான நிலையக் கதிர் உணர்கருவிகள் ஒலிக்கக்கூடும் என்பதால், அதனைப் பயணத்தின்போது உடன் வைத்திருக்கவும்.