பாடநூல் தேர்விலும் பாதுகாப்பு வேண்டும்



கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் தேர்வுக்குப் படிப்போர் ஜெராக்ஸ் கடைகளில் கிடைக்கும் பழைய வினா-விடைத் தொகுப்புகளை மட்டும் நம்புவது கவலைக்குரியது. கோவையின் புற்றுநோய் மருத்துவமனைகளிலும், வார்ப்படங்களைக் கதிர்வீச்சால் சோதிக்கும் தொழிலகங்களிலும் பிறர் உடல்நலம் இந்த அலுவலர்களின் அறிவைச் சார்ந்தது.

இத்தகைய தொகுப்புகள் பல அமெரிக்க நூல்களிலிருந்து எடுக்கப்பட்டவை. அமெரிக்க விதிப்படி பணியாளருக்கான ஆண்டுக் கதிர்வீச்சு ஏற்பு வரம்பு 5 ரெம், அதாவது 50 மில்லிசீவர்ட். இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அனுமதிப்பதோ ஐந்து ஆண்டுகளுக்குச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக்கூடாது. இந்த வேறுபாட்டை அறியாதவர் தேர்வில் மட்டுமின்றிப் பணியிடத்திலும் தவறுவார்.

எனவே படிப்புக்கு ஓர் ஒழுங்கு தேவை. முதலில் 2004-ஆம் ஆண்டின் அணுசக்தி (கதிர்வீச்சுப் பாதுகாப்பு) விதிகள். அடுத்து, வாரியம் தன் இணையதளத்தில் இலவசமாகத் தரும் பாதுகாப்பு நெறிமுறைகளில் அவரவர் துறைக்குரியவை. பிறகே அடிப்படை இயற்பியலுக்கும் கணக்குகளுக்கும் ஹெர்மன் செம்பர் போன்றோரின் வெளிநாட்டு நூல்கள். பதிப்பாண்டைப் பார்க்காமல் எதையும் வாங்கக்கூடாது.

கோவை மாவட்ட மைய நூலகமும் கல்லூரி நூலகங்களும் இந்த நெறிமுறைகளின் நடப்புப் பதிப்புகளை அச்செடுத்துத் தனி அடுக்கில் வைத்தால், கொங்கு வட்டார மாணவர் அனைவரும் பயன்பெறுவர்.

வாசகர், பீளமேடு, கோவை