வானத்திலிருந்து பார்த்தால் வயலும் காடுதான்

தேசிய பூங்கா என்றால் யாலவும் வில்பத்தும் மட்டும் என்றிருந்த காலம் போய்விட்டது. 2015 ஜூன் மாதத்தில் சுண்டிக்குளம், மடு வீதி, நெடுந்தீவு, ஆதாம் பாலம் ஆகிய நான்கு இடங்கள் தேசிய பூங்காக்களாகப் பிரகடனம் செய்யப்பட்டன. சுண்டிக்குளமும் மடு வீதியும் அதற்கு முன்னர் சரணாலயங்களாக இருந்தவை. பெயர் மாற்றம்தானே என்று இதைக் கடந்துபோக முடியாது. சரணாலயத்தின் எல்லைக்குள் தனியார் காணி இருக்கலாம். தேசிய பூங்காவோ முழுவதும் அரச காணியாகவே இருக்கும் என்பது சட்டம். ஆகவே எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பது யானைக்கும் கொக்குக்கும் மட்டுமுரிய விடயமன்று.

இத்தகைய பூங்காக்களை அளப்பதற்கும் பராமரிப்பதற்கும் ட்ரோன் எனப்படும் ஆளில்லாச் சிறுவிமானத்தைப் பயன்படுத்தும் வழக்கம் உலகெங்கும் பரவிவருகிறது. வன்னியில் யுத்த காலத்தைக் கழித்தவர்களுக்கு இதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அதை நாம் ‘வண்டு’ என்று அழைத்தோம். அந்த இரைச்சல் கேட்டால் பதுங்கு குழியைத் தேடிய பிள்ளைகள் இன்று தாய் தகப்பனாகிவிட்டார்கள். எனவே கிராமத்துக்கு மேலே வண்டு பறக்கவிடுகிறவர்கள் முதல்நாளே வந்து சொல்லிவிட்டுப் பறக்கவிடுவது நல்லது. சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி மட்டும் இதற்குப் போதாது.

அளவை எப்படி நடக்கிறது? வயல் உழுகிற உழவு இயந்திரம் போல அது நேர்கோட்டில் போய்த் திரும்பி, மீண்டும் பக்கத்துக் கோட்டில் வரும். ஒவ்வொரு படமும் அடுத்த படத்தின் பெரும்பகுதியை மூடிக்கொண்டு எடுக்கப்படும். நூற்றுக்கணக்கான படங்களைக் கணினி ஒட்டி ஒரே படமாக்கும். நூறு மீற்றர் உயரத்தில் பறந்தால் சில சென்ரிமீற்றர் அளவான பொருளும் தெரியும். ஆனால் சாதாரண கமெராவுக்குத் தெரிவது மேற்பரப்பு மட்டுமே. இலை மூடியிருந்தால் அதன் கீழே கிணறா, வீட்டு அத்திவாரமா, வெறும் மண்ணா என்று அதற்குத் தெரியாது.

எமது பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. வயலை விட்டு இருபது மாரி கழிந்தால் வரம்பின்மேல் சூரையும் காரையும் நாயுண்ணியும் ஏறிவிடும். முப்பது மாரி கழிந்தால் பிற ஊரவர் அதைக் காடென்றே சொல்வர். 1990 ஒக்ரோபரில் வெளியேற்றப்பட்ட முசலிப் பகுதி முஸ்லிம் மக்கள் யுத்தம் முடிந்து திரும்பியபோது பார்த்தது இப்படியான பற்றைக்காட்டைத்தான். 2012இல் அப்பகுதியில் வன ஒதுக்குகள் வர்த்தமானியில் வந்தன. 2017இல் மாவில்லு வன ஒதுக்கு ஏறத்தாழ 40,000 ஹெக்டேயராகப் பிரகடனமானது. எது பழைய காடு, எது பழைய ஊர் என்ற வழக்கு அங்கு இன்னும் ஆறவில்லை. யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்பதை இப்பக்கத்தில் தீர்க்க முடியாது. ஆனால் இன்றைய பச்சையை மட்டும் பார்த்துக் கோடு கீறினால், ஓடிப்போனவனுக்கே தண்டனை என்றாகிவிடும்.

அதற்காக ட்ரோனே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. செய்மதிப் படத்தில் ஒரு பச்சைப் பொட்டாகத் தெரிவது, தாழப் பறக்கும் ட்ரோனின் படத்தில் பனையின் வட்டத் தலையாகத் தெரியும். தென்னை வரிசையாக நின்றால் அதை யாரோ நட்டிருக்க வேண்டும். பற்றைக்குள் ஓடும் நேர்கோடு வரம்பு. வளைந்து கிடக்கும் நீண்ட மேடு குளக்கட்டு. காட்டில் இவை தாமாக முளைப்பதில்லை. ஒழுங்காகப் பார்த்தால் இந்த வண்டு எமக்குச் சாட்சி சொல்லவும் கூடும்.

பூங்காவுக்கும் இது தேவையே. புந்தலவில் புறொசோப்பிஸ் முள்மரமும் நாகதாளியும், உடவளவையில் நாயுண்ணியும் மேய்ச்சல் தரையை விழுங்கி வருகின்றன. அவை எவ்வளவு பரவின, வெட்டிய இடத்தில் மீண்டும் முளைத்தனவா என்பதை நடந்து பார்ப்பதைவிடப் பறந்து பார்ப்பது சுலபம். இரவோடிரவாக மணல் அள்ளுகிறவர்களும், இடம்பெயர்ந்தவர் பெயரைச் சொல்லிக்கொண்டு வெளியிலிருந்து இயந்திரம் கொண்டுவந்து காடு வெட்டுகிறவர்களும் அகப்படட்டும். அவர்களால் கெட்டுப்போவது எமது பெயர். நாம் விட்டுவந்த சில குளங்கள் இப்போது யானைகளின் குளங்களாகிவிட்டன என்பதும் உண்மை. அவற்றில் எதைத் திருப்பிக் கேட்பது, எதை விட்டுக்கொடுத்து வேறு காணி கேட்பது என்று பேசத்தான் வேண்டும். ஆனால் அது ஊராரோடு பேசித் தீரவேண்டிய பேச்சு.

இன்றைய படத்துக்குப் பக்கத்தில் பழைய படத்தை வைக்காத எந்த அளவையையும் நாம் முழு அளவையாக ஏற்கக்கூடாது. பழைய படங்கள் இருக்கின்றன. 1956இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் உதவியோடு இந்நாடு விமானத்திலிருந்து படம்பிடிக்கப்பட்டது. நில அளவைத் திணைக்களத்தின் ஓரங்குல வரைபடங்களில் சின்னக் குளங்களுக்கும் பெயர் உண்டு. ஆனால் 1956க்குப் பின்னர் குடியேற்றத் திட்டங்களில் காணி பெற்றவர்களுக்கும், 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்களுக்கும் அந்தப் படம் உதவாது. அதில் அவர்களுடைய காணி காடாகவே இருக்கும். அவர்களுக்கு லாண்ட்சாற் செய்மதியின் படங்கள் உதவலாம். 1972 முதல் எடுக்கப்பட்டுவரும் இவை 2008 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன. எண்பதுகளின் படத்தில் ஒரு புள்ளி முப்பது மீற்றர். தனி வீடு தெரியாது, வயல்வெளி தெரியும். பல்கலைக்கழகப் புவியியல் துறையினர் இதைப் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள்.

அளவையாளர்கள் ஊரறிந்த இரண்டு முதியவர்களையாவது கூட்டிக்கொண்டு எல்லையில் நடக்க வேண்டும். கிடைத்த படத்தை வர்த்தமானிக்கு அனுப்புமுன் பிரதேச செயலகத்தில் தமிழ்ப் பெயர்களுடன் ஒட்டி, ஆட்சேபணை சொல்லப் போதிய நாள் தரவேண்டும். வேறு மாவட்டத்தில் இருப்பவருக்கும் அறிவித்தல் போய்ச்சேர வேண்டும் என்பதால் அந்த நாட்கணக்கு இரண்டு வாரமாக இருக்க முடியாது.

நாமும் கைகட்டி இருக்கலாகாது. காணி அனுமதிப்பத்திரம், உறுதி, பழைய பங்கீட்டு அட்டை, உரமானியத் துண்டு, குளத்துக் கூட்டத்தில் கைச்சாத்திட்ட கடதாசி, எது கிடைத்தாலும் பிரதி எடுத்து வேறு வேறு இடங்களில் வையுங்கள். ஊரின் படத்தைக் கையால் வரையுங்கள். எந்த வாய்க்காலுக்கு என்ன பெயர், யாருடைய காணிக்கு மேற்கே யாருடைய காணி என்று அம்மம்மாமார் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதட்டும். போகக்கூடிய இடமாயின் கிணற்றடியில் நின்று கைத்தொலைபேசியில் இடக்குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணிவெடி அகற்றி முடியாத நிலத்தில் மட்டும் இதற்காகக் கால்வைக்க வேண்டாம்.

ஊர்ச்சங்கங்கள் இன்னுமொன்றையும் எழுத்தில் கேட்கவேண்டும். பறப்பது ஆவணி, புரட்டாதியில் நடக்கட்டும். அப்போது புல் கருகி, பற்றை மெலிந்து, வரம்பு வெளியே தெரியும். மாரி தொடங்கியபின் பறந்தால் எல்லாமே ஒரே பச்சை.